உடனிருப்பவர் நலம்

நுழையும்முன்

மருத்துவமனையில் வெண்ணிற உடையுடன் நடமாடும் செவிலியரை நாம் அறிவோம், மதிக்கிறோம். ஆனால், நம் தெருவிலேயே ஏதோ ஒரு வீட்டின் உள்ளறையில் முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்திருந்து காப்பவரை நாம் பெரும்பாலும் அறிவதில்லை. வீடு ஓய்வுக்குரிய இடம் என்றே எண்ணிப் பழகிய நமக்கு, அதுவே மற்றொருவருக்குப் பணியிடமாகவும் இருக்கிறது என்பது எளிதில் தோன்றுவதில்லை. அப்பணியிடத்தில் மறைந்துள்ள இடர்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மருத்துவத்தின் நான்காம் உறுப்பு

நோய் நீங்குவதற்கு மருத்துவரும் மருந்தும் போதும் என்பது பொதுவான எண்ணம். வள்ளுவர் அவ்வாறு எண்ணவில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றுடன் நோயாளியின் அருகிலிருந்து பேணுபவரையும் அவர் சேர்த்துக் கூறுகிறார். அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்' என்பதாகும். 'உழை' என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். பக்கத்தில் இருந்து பணிபுரிபவரே உழைச்செல்வான். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதையும் மருத்துவத்தின் நான்கு கால்களுள் ஒன்றாக உடனிருந்து பேணுபவரைக் குறிப்பிடுகிறது.

நான்கு கால்களில் நிற்கும் கட்டிலில் ஒரு கால் முறிந்தால் கட்டில் முழுவதும் சாயும். பேணுபவரின் உடலும் உள்ளமும் நலிவுற்றால், பேணப்படுபவரின் நலமும் குலையும். ஆகவே, உடனிருப்பவரின் பாதுகாப்பு என்பது அவருக்குக் காட்டும் இரக்கமன்று. மருத்துவத்தின் இன்றியமையாத பகுதி.

பெருகிவரும் தேவை

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர், தமிழ்நாட்டிலோ அவர்கள் 10.4 விழுக்காட்டினர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர் எனப் பதிவாகியுள்ளது. ஆயுள் நீண்டுள்ளது; குடும்பம் சுருங்கியுள்ளது. பிள்ளைகள் பணியின் பொருட்டு வேற்றூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றனர். முன்பு பலர் பகிர்ந்துகொண்ட பொறுப்பு இன்று ஒருவர் தோளில் விழுகிறது.

அவ்வொருவர் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். ஊதியம் பெற்று வரும் பணியாளராகவும் இருக்கலாம். இருவருக்கும் நேரும் இடர்கள் பெரும்பாலும் ஒன்றே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. ஊதியத்துடனோ ஊதியமின்றியோ மாற்றுத்திறனாளி ஒருவருக்குப் பேணுதலும் ஆதரவும் உதவியும் அளிக்கும் எவரும், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, பராமரிப்பாளரே என்று அது வரையறுக்கிறது.

தெரியுமா?

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளுடன், இயன்முறை மருத்துவமும் வலிதணிப்புப் பேணுதலும் இத்திட்டத்தின்வழி இல்லங்களுக்கே சென்று சேர்கின்றன.

முதுகு தாங்கும் சுமை

பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த முதியவர் ஒருவரைப் பேணும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். முதியவரின் எடை 65 கிலோகிராம். அவருடைய எடை 50 கிலோகிராம். விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் பணி தொடங்குகிறது. முதியவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எழுப்பி உட்கார வைக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாற்றிக் குளியலறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். படுக்கைப் புண் வராமல் தடுக்க, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை படுக்கும் நிலையை மாற்ற வேண்டும். ஒரு நாளில் பல முறை அவர் மற்றோர் உடலின் சுமையைத் தாங்குகிறார்.

மனித உடலைத் தூக்குவது மூட்டையைத் தூக்குவது போன்றதன்று. மூட்டை அசையாது, உடல் திடீரெனச் சரியும். மூட்டையின் காதைப் பிடித்துத் தூக்கலாம். உடலில் பிடிப்பதற்கு அத்தகைய இடமில்லை. அச்சத்தில் முதியவர் பேணுபவரின் கழுத்தை இறுகப் பற்றினால், முழுச் சுமையும் கழுத்தெலும்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும்.

இயற்பியலில் நாம் கற்கும் திருப்புவிசை இங்குத் துணைசெய்யும். 15 கிலோகிராம் சுமையை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில், கைகளை நீட்டித் தாங்குவதாகக் கொள்வோம். அதனைச் சமன்செய்ய வேண்டிய முதுகுத்தசை, முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே செயல்படுகிறது. தொலைவு எட்டு மடங்கு குறைவாக இருப்பதால் விசை எட்டு மடங்கு மிகுதியாகத் தேவைப்படும். அதாவது, 120 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையை அத்தசை செலுத்தியாக வேண்டும். குனிந்த மேலுடலின் எடையை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அதே சுமையை உடலோடு நெருக்கி 20 சென்டிமீட்டர் தொலைவில் தாங்கினால், விசை பாதியாகக் குறைகிறது. சுமையை உடலோடு அணைத்துத் தாங்குக என்னும் அறிவுரையின் அறிவியல் இதுவே.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வுக்கான தேசிய நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் என்பார், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் சுமை 35 பவுண்டைத் தாண்டலாகாது என்று 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் பரிந்துரைத்தார். இது ஏறத்தாழ 16 கிலோகிராம். சூழல் நன்றாக அமைந்திருக்கும்போது பொருந்தும் வரம்பு இது. நம் வீடுகளின் தாழ்ந்த கட்டிலும் குறுகிய குளியலறைக் கதவும் ஈரத்தரையும் இவ்வரம்பை மேலும் குறைக்கும்.

இடரைக் குறைக்கும் வழிகள் எளியவை. முதலில், செய்யப்போவதை முதியவரிடம் கூறி அவரால் இயன்ற உதவியைப் பெற வேண்டும். செயலிழக்காத காலை ஊன்றச் சொன்னாலே சுமை குறையும். கட்டிலின் கால்களுக்கு உறுதியான மரக்கட்டைகளை அசையாதவாறு பொருத்தி இடுப்பளவுக்கு உயர்த்தினால் குனிய வேண்டியதில்லை. முதியவர் தாமே எழுந்து நடப்பவராயின் உயர்ந்த கட்டில் அவருக்கு இடராகும் என்பதையும் எண்ண வேண்டும். தூக்குவதற்கு மாறாக, மடித்த விரிப்பை உடலுக்கு அடியில் இட்டு இருவர் இருபுறமும் நின்று நகர்த்தலாம். முழங்காலை மடக்க வேண்டும். இடுப்பை முறுக்காமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். முதியவர் விழ நேர்ந்தால், தாங்கி நிறுத்த முயலாமல் தலையில் அடிபடாதவாறு மெல்லத் தரையில் அமர்த்துவதே இருவருக்கும் பாதுகாப்பு.

ஊசிமுனையும் உடல்கழிவும்

காலை உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். ஊசி போட்டபின் மூடியை மீண்டும் பொருத்த முயலும் நொடியில் விரலில் குத்துவதுண்டு. அவ்வாறன்றி, ஊசியைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டால், அது மறுநாள் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். ஒரு வீட்டின் கவனக்குறைவு மற்றொரு தொழிலாளியின் காயமாகிறது.

இரத்தம் பட்ட ஊசியால் கல்லீரல் அழற்சி பி, கல்லீரல் அழற்சி சி, எச்.ஐ.வி. ஆகிய தொற்றுகள் பரவக்கூடும். இவற்றுள் கல்லீரல் அழற்சி பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. முதல் தவணைக்குப்பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலுமாக மூன்று தவணைகள் செலுத்தப்பெறுகின்றன. பேணும் பணியில் ஈடுபடுவோர் இதனைப் பணியின் தொடக்கத்திலேயே பெறுதல் நன்று.

பயன்படுத்திய ஊசியை மூடாமல், துளைக்க இயலாத தடித்த நெகிழிக் கொள்கலத்தில் உடனே இட வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 பயன்படுத்திய ஊசிகளை வீட்டுத் தீங்குறு கழிவு என வகைப்படுத்தின. எனவே, அவற்றைப் பிற குப்பையுடன் கலக்கலாகாது.

தெரிந்து தெளிவோம்

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டுவன:
குத்திய இடத்தை ஓடும் நீரிலும் சோப்பாலும் நன்கு கழுவ வேண்டும்.
காயத்தைப் பிழியவோ விரலை வாயில் வைக்கவோ கூடாது.
காலந்தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று.

உடல்கழிவுகளை அகற்றும்போது கையுறை அணிதல், அகற்றியபின் கையுறையைக் கழற்றிக் கைகழுவுதல், நோயாளிக்குக் காசநோய் இருப்பின் முகக்கவசம் அணிந்து சன்னல்களைத் திறந்து வைத்தல் ஆகியன அடிப்படை ஒழுங்குகள். 'நம் வீட்டில் கையுறை எதற்கு? அருவருப்பா?' என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. கையுறை அருவருப்பின் அடையாளமன்று. பேணுபவரின் கையிலுள்ள கிருமி நோயாளியின் புண்ணுக்குச் செல்லாமலும் அது காக்கிறது.

நஞ்சும் நெருப்பும்

முதியவர் குளித்தபின் குளியலறையைத் தூய்மை செய்ய வேண்டும். வெண்மை மிகுதியாக வேண்டுமென்று பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலப்போர் உளர். இவை வினைபுரிந்து குளோரின் வாயுவை வெளியிடும். காற்றோட்டமற்ற சிறு அறையில் அவ்வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கி உயிருக்கும் ஊறு விளைவிக்கும். ஒருபோதும் இவற்றைக் கலக்கலாகாது.

மூச்சுத்திணறல் உள்ள முதியவருக்கு வீட்டிலேயே ஆக்சிசன் கொடுக்கப்படுவதுண்டு. ஆக்சிசன் தானே எரிவதில்லை. ஆனால், பிற பொருள்களை விரைந்து எரியச் செய்யும். அவ்வறையில் ஏற்றப்படும் சாமி விளக்கும் ஊதுபத்தியும் துணியில் பற்றும் சிறு பொறியைப் பெருநெருப்பாக்கக்கூடும். வழிபாட்டை வேறோர் அறைக்கு மாற்றுவது பேணுபவர், பேணப்படுபவர் இருவர் உயிரையும் காக்கும்.

உறங்கா இரவு

வீட்டிலேயே தங்கிப் பணிபுரிவோரின் வேலை நேரத்திற்கு எல்லை இல்லை. நள்ளிரவில் முதியவர் அழைப்பார். ஒரு மணிக்குத் தண்ணீர், மூன்று மணிக்குக் கழிப்பறை, ஐந்து மணிக்கு மீண்டும் அன்றாடப் பணி. பகலில் 'சும்மாதானே இருக்கிறாய்' என்று சமையலும் துணி துவைத்தலும் சேர்த்து அளிக்கப்படுவதும் உண்டு. உறக்கம் குறைந்தால் கவனம் சிதறும். காலை மருந்து இரவு கொடுக்கப்படும். ஈரத்தரையில் கால் வழுக்கும். பணியாளரின் களைப்பு முதலில் பணியாளரையும் அடுத்து நோயாளியையும் தாக்குகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர்களுக்கான 189 ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமேனும் ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. 2013 முதல் நடைமுறையிலுள்ள அவ்வுடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. எனினும், ஒவ்வொரு குடும்பமும் அதனைத் தானே பின்பற்றுவதற்குத் தடையேதும் இல்லை.

சொல்லாத காயங்கள்

மறதிநோய் உள்ளவர், தாம் வைத்த இடத்தை மறந்துவிட்டு, 'என் வளையலை இவள் எடுத்துவிட்டாள்' என்று கூறுவதுண்டு. சிலர் குளிப்பாட்டும்போது அடிப்பதும் கடிப்பதும் உண்டு. இவை அந்நோயின் அறிகுறிகள். அவர்தம் குணக்கேடு அல்ல. பேணுபவர் இதனைப் பயிற்சியால் உணரலாம். ஆனால், குடும்பத்தார் உணராவிடில், நோயின் சொல் குற்றச்சாட்டாக மாறும். சாட்சி இல்லாத மூடிய அறையில் பணிபுரியும் ஏழைப் பெண்ணுக்குத் திருட்டுப்பழி என்பது உடற்காயத்தினும் கொடியது. விலையுயர்ந்த பொருள்களைக் குடும்பத்தார் தம் பொறுப்பில் பூட்டி வைப்பதும், மறதிநோயின் இயல்பை அனைவரும் அறிந்திருப்பதும் இவ்விடரைத் தவிர்க்கும் வழிகளாம்.

தனியறைப் பணியில் தகாத சொல்லும் தீண்டலும் நேரக்கூடும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடம் என்றே கருதுகிறது. பாதிக்கப்பட்ட வீட்டுப் பணியாளர் மாவட்ட அளவில் அமைந்துள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் முறையிடலாம். 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இவற்றினும் நுண்ணியது ஒன்றுண்டு. மூன்று ஆண்டுகள் தம் கையால் உணவூட்டிய முதியவர் ஒருநாள் இறந்துபோகிறார். உறவினர் சூழ்ந்து அழுகின்றனர். அப்பெண் அடுக்களையில் நின்று வந்தோர்க்குத் தேநீர் போடுகிறார். மறுநாள் அவர் தம் பையை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். உறவாகிவிட்ட ஒருவரையும் வாழ்வாதாரத்தையும் அவர் ஒரே நாளில் இழக்கிறார். அவருடைய துயரைக் கேட்க எவரும் இல்லை. மனச்சோர்வு, எரிச்சல், உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை எனப் பிற்பாடு வெளிப்படுவன இத்தகைய ஆறாத துயரின் வடிவங்களாகவும் இருக்கலாம்.

காப்பாகும் ஏற்பாடுகள்

தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் ஏறும். உடன் பணிபுரிவோர் அறிவர். வீட்டில் பிடித்த முதுகுவலி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடருக்குத் தீர்வும் தேடப்படுவதில்லை. இந்நிலையை மாற்றச் சில ஏற்பாடுகள் உள்ளன. தமிழ்நாடு அரசு வீட்டுப் பணியாளர்களுக்கென 2007 ஆம் ஆண்டு தனி நலவாரியம் அமைத்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவுசெய்வதற்கான இ-ஷ்ரம் தளத்தை ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டு 26 அன்று தொடங்கியது. பதிவு பெறுவதே, தாம் ஒரு தொழிலாளி என்பதை நிலைநாட்டும் முதல் படி.

சட்டம் வாயில்வரை வரும். உள்ளறைக்குள் வர வேண்டியது குடும்பத்தின் மனச்சான்று. பணி தொடங்கும் நாளிலேயே வேலை நேரம், ஊதியம், வார ஓய்வு, செய்ய வேண்டிய பணிகள், செய்ய வேண்டாத பணிகள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு உள்ள தொற்றை மறைக்காமல் கூறுதல் பேணுபவரின் உரிமையை மதிப்பதாகும். பேணுபவர் மகளோ மருமகளோ ஆயின், வாரத்தில் ஒருநாளேனும் மற்றொருவர் அப்பொறுப்பை ஏற்க வேண்டும். ஓய்வு கேட்கும் மகள் அன்பற்றவள் அல்லள். அன்பு தொடர்ந்து நிலைபெறவே அவளுக்கு ஓய்வு தேவைப்படுகிறது.

பெயர் சொல்லி அழைப்போம்

பேணும் பணியின் மதிப்பை உலகம் மெல்ல உணர்ந்து வருகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டு, அக்டோபர் 29 ஆம் நாளைப் பன்னாட்டுப் பேணுதல், ஆதரவு நாளாக அறிவித்தது. எனினும், பல வீடுகளில் அப்பணியைச் செய்பவருக்குப் பெயர்கூட இல்லை. 'ஆயா', 'வேலைக்காரம்மா', 'அந்தப் பொண்ணு' என்றே சுட்டப்படுகிறார். வள்ளுவரோ மருத்துவருக்கு நிகராக அவரை வரிசைப்படுத்தி, ஒரு பெயரும் தந்தார்.

முதுமை நம் இல்லங்களுக்கும் வரும், நமக்கும் வரும். அன்று நம் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டுமெனில், இன்று பக்கத்தில் நிற்பவரின் முதுகு முறியாமலும் விரல் புண்படாமலும் உள்ளம் நோகாமலும் காக்க வேண்டும். நோயாளியின் பக்கம் நிற்பவர் உழைச்செல்வான். அவர் பக்கம் நிற்பது சமூகத்தின் கடமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ முதியவரைப் பேணும் ஒருவருடன் உரையாடி, அவரது ஒருநாள் பணிகளை நேர வரிசையில் எழுதுக. அவர் விரும்பினாலன்றிப் பெயரைக் குறிப்பிட வேண்டா.
2. 'ஊசிக் கழிவைப் பாதுகாப்பாக அகற்றுவோம்' என்னும் தலைப்பில் சுவரொட்டி ஒன்றைத் தமிழில் உருவாக்குக.
3. சுமையின் தொலைவு 30 சென்டிமீட்டராக இருப்பின் முதுகுத்தசை செலுத்த வேண்டிய விசை எத்தனை மடங்காகும் என்பதைக் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

மதிப்பீடு

குறுவினா
1. 'உழைச்செல்வான்' – பெயர்க்காரணம் கூறுக.
2. ஆக்சிசன் பயன்படுத்தும் அறையில் விளக்கேற்றலாகாது. ஏன்?

சிறுவினா
1. மனித உடலைத் தூக்குவதும் மூட்டையைத் தூக்குவதும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. மறதிநோயாளியைப் பேணுவோர்க்கு நேரும் பழியையும் அதனைத் தவிர்க்கும் வழிகளையும் எழுதுக.

நெடுவினா
1. 'பேணுபவரின் நலமே பேணப்படுபவரின் நலம்' – பாடப்பகுதியைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.